எக்ஸ்ட்ரா பெட்

கடலூர் இம்பீரியல் ரோட்டில் இருக்கும் பாடலி பர்னிச்சர் மார்ட்டுக்குக் கட்டில் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். மெத்தையை உள்ளங்கையால் இரண்டு தடவை அமுக்கிப் பார்ப்பார்கள். பண்ருட்டிப் பலாப்பழத்தை அமுக்கிப் பார்த்துப் பழகிய கை. அமுக்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி விலைக்குப் போய்விடுவார்கள். வருடக்கணக்காக முதுகைக் கொடுக்கப் போகிற பொருளை முதுகை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. தோன்றினாலும் வெட்கம் விடாது.

அறிவுமதி மட்டும் அவர்களை அப்படிப் போக விடமாட்டாள்.

"கையால அமுக்கினா மெத்தை என்னா சொல்லும்? செருப்பக் கழட்டிட்டு படுத்துப் பாருங்க சார்."

"அய்யய்யோ, கடையிலயா?"

"கட்டில் கடையிலதான சார் இருக்குது?"

ரோட்டில் போகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்களே என்று கூச்சப்படுகிறவர்களுக்காக அவளே முதலாளியிடம் சண்டை போட்டு ஒரு திரை போட வைத்திருந்தாள். ஆண்கள் எப்படியாவது படுத்துவிடுவார்கள். இரண்டு பேர் குறட்டை விட்டதும் உண்டு. பெண்களைப் படுக்க வைப்பதற்குள்தான் அவளுக்குத் தொண்டை வறண்டுவிடும். ஓரத்தில் உட்கார்ந்து புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு பாத்துட்டாருல்ல, போதும்" என்பார்கள்.

அவள் கேட்கிற முதல் கேள்வியும் கடைக்குப் புதிதாக வருகிறவர்களைத் திகைக்க வைக்கும். "வீட்ல எத்தன பேரு படுப்பீங்க?" எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டாள். இருப்பது வேறு, படுப்பது வேறு என்பது அவள் கட்சி. ஆறு பேர் இருக்கிற வீட்டில் நாலு பேருக்குத்தான் படுக்க இடம் இருக்கும். மற்ற இரண்டு பேரும் கிடைத்த இடத்தில் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள், கேட்டால் எங்களுக்கு இதுதான் வசதி என்பார்கள். இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து அவர்களுக்கு ஒரு கட்டிலை விற்றுவிடுவதில் அவளுக்குத் தனி சந்தோஷம். முதலாளி பழனிவேலுக்கும் சந்தோஷம்தான். எந்த வீட்டுக்கு எந்த சோஃபா, எந்த ஓட்டலுக்கு எந்த நாற்காலி என்று முடிவு செய்கிற பொறுப்பை அவர் அவளிடமே விட்டிருந்தார்.

அறிவுமதிக்கு முப்பத்தொன்பது வயது. சேத்தியாத்தோப்பில் கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தவள். ஏன் என்று கேட்டால், "ஒத்து வரல" என்பாள். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அப்பா கொடுத்த சீரில் பீரோ திரும்பி வந்தது, கிரைண்டர் திரும்பி வந்தது, கட்டில் மட்டும் வரவில்லை. ஒரு கால் உடைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, வண்டிப்பாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தம்பி கார்த்திகேசன் குடும்பத்தோடு இருக்கிறாள். தம்பி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். தம்பி பெண்டாட்டி சுவேதா. பிள்ளைகள் இரண்டு. பெரியவள் தமிழினி நாலாம் வகுப்பு, சின்னவன் ஹரிஷ் யூகேஜி.

போர்ஷனில் ஒரு ரூம், ஒரு ஹால், ஒரு சமையலறை. ரூம் தம்பி குடும்பத்துக்கு, ஹால் அறிவுமதிக்கு. ஹாலில் படுப்பது என்றால் ஹால் காலியான பிறகு படுப்பது. தம்பி இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்து டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பாயை விரிக்க முடியும். காலையில் பால்காரன் மணி அடிப்பதற்குள் சுருட்டியாக வேண்டும். உடம்பு சரியில்லாத நாளில் மத்தியானம் படுக்க வேண்டுமென்றால் நடுவீட்டில், எல்லோரும் தாண்டித் தாண்டிப் போகிற இடத்தில் படுக்க வேண்டும். அதனால் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போவதே இல்லை.

இதையெல்லாம் அவள் குறையாக நினைத்தது கிடையாது. சொந்த வீடு கட்டும்போது சரியாகிவிடும் என்று இருந்தாள்.

அந்த வீடும் வந்தது. கோண்டூர் பக்கம் மனை வாங்கி இரண்டு ரூமும் ஹாலுமாகக் கட்டினான் கார்த்திகேசன். பூச்சு வேலை முடிந்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான்.

"உள்ள என்னா என்னா போடணும்னு நீதான் முடிவு பண்ற. ஊருக்கெல்லாம் பண்றியே, நம்ம வீட்டுக்கு நீ பண்ணாம யாரு பண்ணுவா?"

அவளுக்குப் பெருமையாக இருந்தது. டேப்பை எடுத்து ஒவ்வொரு சுவராக அளந்தாள். ஹாலில் சோஃபா போட்டால் வாசல் கதவு இடிக்குமா, பெரிய ரூமில் கட்டிலைச் சுற்றி ஆள் நடக்க இடம் இருக்குமா என்று எல்லாவற்றையும் பார்த்தாள். சின்ன ரூமுக்குள் வந்ததும் டேப்பை மடக்கிப் பையில் போட்டுவிட்டுச் சும்மா நின்றாள். பத்துக்குப் பத்து. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு முருங்கை. மனதுக்குள் ஜன்னலுக்குக் கீழே ஒரு ஒற்றைக் கட்டிலைப் போட்டாள், கால்மாட்டில் அந்தத் திரும்பி வந்த பீரோவை வைத்தாள். கதவை ஒரு தடவை சாத்திப் பார்த்தாள். தாழ்ப்பாள் இன்னும் வைக்கவில்லை.

சின்ன ரூம் அக்காவுக்கு என்று கார்த்திகேசன் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததை அவளாகவே நம்பிக்கொண்டாள். வாங்க வந்தவர்கள் யாராவது இப்படி வாய் திறந்து கேட்காமல் நம்பியிருந்தால் அவர்களைப் பிடித்து உலுக்கியிருப்பாள்.

அதே மாதத்தில்தான் சிதம்பரம் வேலையும் வந்தது. மேல வீதியில் லாட்ஜ் வைத்திருந்த தங்கராசு, லாட்ஜை ஓட்டலாக்கப் போவதாகச் சொல்லி பழனிவேலைப் பிடித்தார். பழனிவேல் அறிவுமதியை அனுப்பினார். ஐம்பதைத் தாண்டிய மனுஷர் தங்கராசு. போனில் வெளிநாட்டு ஓட்டல் படங்களாகச் சேர்த்து வைத்திருந்தார்.

"இத பாரும்மா. தலமாட்டுல துணி வச்சு மெத்துமெத்துனு பண்ணிருக்கான். இது மாதிரி வேணும்."

"அது எண்ண வைக்காத தலைக்குண்ணே. நம்ம ஆளுங்க கோயிலுக்கு வரப்ப தலைக்கு எண்ண வச்சுக் குளிச்சிட்டு வருவாங்க. ஒரே மாசத்துல ஒவ்வொரு கட்டில்லயும் ரெண்டு ரெண்டு தலை படம் வரஞ்ச மாதிரி இருக்கும். பளபளன்னு தேக்கு கலர் லேமினேட் போடுங்க. தொடச்சா போயிடும்."

தங்கராசு தன் தலையைத் தடவிக் கையைப் பார்த்துக்கொண்டார்.

அறிவுமதி ஒவ்வொரு ரூமாகப் போய் யோசித்தாள். கைப்பிடி வைத்த நாற்காலி வேண்டாம், நம் ஆட்கள் நாற்காலியிலும் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார்கள். சட்டை மாட்டுகிற பெரிய அலமாரி வேண்டாம், ஒரு நாள் தங்குகிறவர்கள் பையைத் திறந்தபடியே போட்டு வைப்பார்கள், அதற்கு ஒரு தாழ்ந்த பலகை போதும். ஈர வேட்டி காயப் போடச் சுவரில் கொக்கிகள் வேண்டும். கட்டிலுக்கு அடியில் இடைவெளி கூடாது, போனவர்கள் விட்டுப் போகிற செருப்பையும் செம்பையும் யார் குனிந்து எடுப்பது? வரவேற்பில் மெலிந்த இரும்புக் கால் வைத்த சோஃபாவும் ஆகாது. பாதிப் பேர் சோஃபாவில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து அதில் முதுகைச் சாய்ப்பார்கள். பளிங்கு மாதிரித் தரையில் சோஃபா நழுவிக்கொண்டு பின்னால் போகும், சாய்ந்தவர் மல்லாந்துவிடுவார். கனமான சோஃபாவாக எழுதிக்கொண்டாள். பார்க்கவும் நாகரிகமாக இருக்க வேண்டும், நம் ஆட்களின் பழக்கத்துக்கும் தாங்க வேண்டும். அதுதான் அவளுடைய சாமர்த்தியம்.

"ரூமுக்கு ரெண்டு பேருன்னுதான் போர்டு வச்சிருக்கேன்," என்றார் தங்கராசு. "அஞ்சு பேரா வரான். போன்னு சொல்ல முடியுதா? எக்ஸ்ட்ரா பெட்டு கேக்கறான்."

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. மூன்றாக மடிகிற ஃபோம் மெத்தை ஒன்றை மறுமுறை போகும்போது கையோடு எடுத்துப்போய்த் தரையில் விரித்துக் காட்டினாள்.

"ராத்திரி விரிச்சுக்கலாம். காலைல மடிச்சு ஸ்டோர் ரூமுக்குள்ள தள்ளிட்டா ஒரு ஆள் படுத்திருந்த எடமே தெரியாதுண்ணே."

தங்கராசுவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அவள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டின்போது இதைச் சொல்ல, கார்த்திகேசனும் ரசித்துக் கேட்டான். அக்காவின் சமர்த்தை எப்போதும் ரசிக்கிறவன்தான் அவன்.

புதுவீட்டுக்குச் சாமான் எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பம் கடைக்கு வந்தது. பிள்ளைகள் கடையை இரண்டாக்கினார்கள். பழனிவேல் எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். அறிவுமதி கடைப் புடவையில், கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, வேடிக்கையாக ஒரு கும்பிடு போட்டாள்.

"வாங்க சார், வாங்க மேடம். வீட்ல எத்தன பேரு படுப்பீங்க?"

கார்த்திகேசனும் விளையாட்டுக்கு இறங்கினான். வாங்க வந்தவனைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாலு பேரு மேடம்," என்றான்.

சிரித்துக்கொண்டிருந்த சுவேதாதான் முதலில் நிறுத்தினாள். "என்னா மாமா, அண்ணி?"

"அய்யோ, ஆமா. அஞ்சு. அஞ்சு பேரு." கார்த்திகேசன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அக்காவ போய் நான் எண்ணாம இருப்பனா? ஏதோ வேகத்துல வந்துடுச்சு."

வேகத்தில் வந்ததுதான் உண்மை என்று அறிவுமதிக்கு உடனே தெரிந்துவிட்டது. கல்யாணம் பண்ணி அனுப்பிய அன்று வீட்டுக் கணக்கிலிருந்து அவளைக் கழித்தார்கள். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், அதில் ஒன்றும் தப்பில்லை. திரும்பி வந்தபோது கூட்டிக்கொள்ளத்தான் மறந்துவிட்டார்கள். சோறு போட மறக்கவில்லை, பண்டிகைக்குப் புடவை எடுக்க மறக்கவில்லை. எண்ணும்போது மட்டும் அவள் நினைவுக்கு வருவதில்லை.

"சரி, சின்ன ரூமுக்கு என்னா?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"புள்ளைங்களுக்கு. மாடிக்கட்டில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு இருக்குதே, அது. அப்பறம் ரெண்டு பேருக்கும் படிக்க டேபிளு." கார்த்திகேசன் சட்டென்று முகம் மலர்ந்தான். "உனக்குத்தான் நீயே சூப்பரா ஒண்ணு கண்டுபிடிச்சு வச்சிருக்கியேக்கா. அந்த லாட்ஜுக்கு எடுத்தியே, மூணா மடிக்கிறது. எக்ஸ்ட்ரா பெட்டு. ஹால்ல போட்டுக்கலாம். பாய்ல படுத்து உனக்கு இடுப்பு வலி ஜாஸ்தியாகுதுன்னு சுவேதாகூட சொன்னா. காலைல மடிச்சு வச்சிட்டா எடமே தெரியாதுன்னு நீதான சொன்ன?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

பழனிவேல் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அது சரியாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அறிவுமதி விற்பனையை முடித்தாள். குறையே வைக்கவில்லை. பெரிய ரூமுக்கு மூலை மழுங்கிய கட்டில், ராத்திரி எழுந்து போகும்போது முழங்கால் இடிக்காது. ஹாலுக்கு அழுக்குத் தெரியாத சாம்பல் நிறத்தில் கார்னர் சோஃபா. பிள்ளைகளின் கட்டிலுக்கு மேல்தட்டில் உயரமான தடுப்பு, சின்னவன் தூக்கத்தில் உருளுகிறவன். சுவேதாவைத் திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்ப் படுத்துப் பார்க்க வைத்தாள். எக்ஸ்ட்ரா பெட்டையும் சேர்த்துத்தான் எழுதினாள். எல்லோரும் போன பிறகு மீதி டீயைக் குடித்தாள், ஆறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை சிதம்பரத்தில் மாதிரி ரூம் தயாரானது. எல்லா ரூமுக்கும் போடுவதற்கு முன்னால் ஒரு ரூமை முழுக்க அமைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். கட்டில், பலகை, நாற்காலி, கொக்கி, திரை எல்லாம் போட்டாகிவிட்டது. தங்கராசு சுற்றிச் சுற்றி வந்தார். போய் மெத்தையை உள்ளங்கையால் இரண்டு தடவை அமுக்கினார்.

"படுத்துப் பாருங்கண்ணே."

"நானா? என் லாட்ஜு கட்டில்ல நானே படுத்தேன்னு எவனாச்சும் வீட்ல போய் சொன்னா என் சம்சாரம் என்னா ஏதுன்னு ஆயிரம் கேள்வி கேக்கும். நீ படுத்துப் பாத்தியா?"

"நானா?"

"நீதான? ஊர்ல இருக்கறவனையெல்லாம் படு படுன்னு சொல்லுவியாமே, பழனிவேலு சொன்னாரு. நீ பாத்துதான எடுத்த?"

இத்தனை வருடத்தில் அவள் எந்தக் கட்டிலிலும் படுத்துப் பார்த்ததில்லை. மற்றவர்கள் படுக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டவள். தானும் உள்ளங்கையால் அமுக்குகிற கூட்டம்தான் என்று நினைக்கச் சிரிப்பாக வந்தது.

"பாத்து சொல்லும்மா. மாடியில டைல்ஸ்காரன் என்னா பண்றான்னு பாத்துட்டு வரேன்."

அவர் போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். செருப்பைக் கழற்றினாள். ஓரத்தில் உட்கார்ந்து புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள், கடைக்கு வருகிற பெண்கள் செய்கிற மாதிரியே. அப்புறம் காலைத் தூக்கி வைத்துப் படுத்தாள். வலப்பக்கம் புரண்டாள், இடப்பக்கம் புரண்டாள். இடுப்புக்கு நன்றாகத் தாங்கியது. தலைமாட்டுப் பலகையின் உயரம் சரி. இன்னும் கொஞ்சம் படுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று கண்ணை மூடினாள்.

விழித்தபோது வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. எங்கே இருக்கிறோம் என்று சிறிது நேரம் புரியவில்லை. யாரும் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை. யாரும் அவளைத் தாண்டிப் போகவில்லை. டிவி சத்தம் இல்லை, மிக்ஸி சத்தம் இல்லை. வீதியில் ஆட்டோ போகிற சத்தம் மட்டும் எங்கோ கேட்டது. அது அவளைத் தேடி வருகிற சத்தம் இல்லை. கதவு சாத்தியபடியே இருந்தது. பட்டப்பகலில் ஒரு கதவுக்குப் பின்னால் தூங்கியிருக்கிறோம் என்று புரிந்ததும் முதலில் சுகமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று கோபம். தம்பி மேல் பாதி, தன் மேல் பாதி. வாய்விட்டு அழுதாள். அழுவதற்கும் கதவு வசதியாக இருந்தது.

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். தங்கராசு வராந்தாவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"என்னாம்மா, கட்டில் எப்படி?"

"நல்லாருக்குண்ணே. எல்லா ரூமுக்கும் இதையே போட்டுடலாம்."

சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தாள். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள். வண்டிப்பாளையத்தில் இறங்கி மாடிக்குப் போகாமல் நேராகக் கீழ்வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரி மங்கம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி காலி பண்ண பெறவு மேல் போர்ஷன யாருக்கும் விட்டுடாதீங்க. நான் வச்சுக்கறேன்."

"தனியாவா?"

"தனியாதான்."

"தம்பி ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னும் நான் சொல்லல. சொன்னா சொல்லுவான்."

அவன் நன்றாகவே சொன்னான். சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

"உனக்கு என்னா ஆச்சுக்கா? ஊரு என்னா பேசும்? கூடப் பொறந்தவள விட்டுட்டு மாடமாளிகை கட்டிப் போயிட்டான்னு என் மூஞ்சில காறித் துப்பாதா?"

"நான்தான் வரலன்னு சொல்றேன். ஊரு கேட்டா என்னக் கேக்கச் சொல்லு."

"எக்ஸ்ட்ரா பெட்டுன்னு சொன்னதுக்கா இவ்ளோ? அது ஒரு பேச்சுக்கு சொன்னது."

"அதுக்கு இல்ல. நாலு பேருன்னு சொன்ன பாரு. யோசிக்காம சொன்ன. உள்ள இருக்கறதுதான் வரும்."

கார்த்திகேசன் எழுந்து போய் டிவியை நிறுத்தினான். அப்புறம், "சின்ன ரூம நீ எடுத்துக்க. புள்ளைங்க எங்க கூடவே படுக்கட்டும். இப்ப அப்பிடித்தான இருக்குது?" என்றான். மனசாரத்தான் சொன்னான்.

அறிவுமதி சுவேதாவைப் பார்த்தாள். சுவேதா தலையைக் குனிந்துகொண்டு தட்டுகளை அடுக்கினாள்.

"எடுத்துக்கங்க அண்ணி. நான் வேணாம்னு சொல்லமாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா உண்மையச் சொல்லிடறேன். சின்னவன் பொறந்ததுலேருந்து ரெண்டு புள்ளைங்க காலுக்கு நடுவுலதான் நானும் படுத்துக்கிட்டு இருக்கறேன். கடையில அந்தக் கட்டில்ல படுக்கச் சொன்னீங்களே, எழுந்திருக்கவே மனசு வரல," என்றாள்.

"அதான் சுவேதா நானும் சொல்றேன். உனக்கும் வேணும், எனக்கும் வேணும். ரூம் ரெண்டுதான் இருக்குது."

கார்த்திகேசன் ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள். அவன் அழுவதைப் பார்த்தால் அவளுக்குத் தாங்காது. பக்கத்தில் போய் அவன் தோளில் கையை வைத்தாள். மனசை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

கிரகப்பிரவேசத்தில் பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்தது அறிவுமதிதான். பால் பொங்கியது. வடலூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சோஃபாவைத் தடவிப் பார்த்து, அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அதில் சாய்ந்துகொண்டு, நீ மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். "கடைக்குக் கிட்ட இருக்கணும்ல," என்று ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னாள். நம்பினவர்கள் நம்பினார்கள். நம்பாதவர்கள் அவளுக்குப் பின்னால் பேசினார்கள், அதுவும் காதில் விழத்தான் செய்தது. வலித்தது. ஆனால் மறுநாள் காலையில் அவசரமாக எழுந்து எதையும் சுருட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம், கடை திறந்து கூட்டம் வருவதற்கு முன்னால், அறிவுமதி பாடலி பர்னிச்சர் மார்ட்டில் இருந்த கட்டில்கள் எல்லாவற்றிலும் வரிசையாகப் படுத்து எழுந்தாள். பழனிவேல் கல்லாவில் சாமி படத்துக்குப் பூ போடுகிற சாக்கில் திரும்பாமலே நின்றிருந்தார். கடைசியில் ஒன்றைக் காட்டினாள்.

"அது நாலடி அகலம்மா," என்றார். "ஒரு ஆளுக்கு மூணு போதுமே?"

"எனக்குப் புரளணும்ணே."

அவர் அன்றைக்கே வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே தமிழினி வந்துவிட்டாள். அத்தை இல்லாமல் அங்கே போர் அடிக்கிறது என்று அப்பாவின் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்தவளை இறக்கிவிட்டு, மாடி ஏறாமலே போய்விட்டான் கார்த்திகேசன். அவனுக்கு இன்னும் வருத்தம். அறிவுமதி வஞ்சிரம் வாங்கி வறுத்துக் குழம்பு வைத்தாள். இரண்டு பேரும் மூக்கு முட்டச் சாப்பிட்டார்கள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ரூமுக்குள் வந்தபோது, தமிழினி கட்டிலில் குறுக்காகக் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தாள்.

"செமயா இருக்குது அத்தை. நான் இங்கதான் தூங்கப் போறேன்." அப்புறம் தலையைத் தூக்கிக் கேட்டாள், "நீ எங்க படுப்ப?"

அந்தப் பிள்ளை அதைத் தப்பாகக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்ததைக் கேட்டது. எல்லோரும் படுத்த பிறகு மிச்சமிருக்கிற இடத்தில் படுப்பவள்தான் அத்தை.

'நீ படுடா செல்லம், நான் ஹால்ல படுத்துக்கறேன்.' வார்த்தை அறிவுமதியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"கட்டில்ல."

"அப்ப நானு?"

"கீழ. பாய் போடறேன்."

தமிழினி சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் படுக்கலாமே அத்தை, எடம் நெறய இருக்குது."

"இருக்குது. ஆனா இது என் கட்டிலு. எறங்கு."

பிள்ளையின் முகம் சுருங்கியது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கி, விரித்த பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தது. அறிவுமதி ஒரு தலையணையைக் கீழே கொடுத்தாள். கதவைச் சாத்தினாள். கட்டிலில் ஏறி நீட்டிப் படுத்தாள்.

தமிழினி கோபத்தோடேயே தூங்கிப்போனாள். அறிவுமதிக்குத் தூக்கம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுந்து பிள்ளையைத் தூக்கி மேலே போட்டுக்கொள்ளலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். போட்டுக்கொள்ளவில்லை.